வெளிநாட்டுல வந்தாச்சு, இங்க எப்ப சார் வரும்? (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்கள், வாட்ஸப் மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். பெரிய விலை போன், வெளிநாட்டுல ரிலீஸ் ஆயிடுச்சு, இங்க இன்னும் வரலை, என்ன பண்றது. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன். பேட்டரி, வைஃபை பத்தி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா பார்த்துடலாம்.

கேள்வி: சார், நான் ஆசைப்பட்ட மடக்கு போன் வெளிநாட்டுல வந்து நாலு மாசம் ஆச்சு. இந்தியாவுக்கு "விரைவில்"னு மட்டும் போட்டிருக்காங்க. என் பழைய போன்ல ஸ்கிரீன் உடைஞ்சு விரலைக் கீறுது. இன்னும் காத்திருக்கலாமா, விட்டுடலாமா? (சேலம் வாசகர்)

நேரா பதில் சொல்லிடறேன் தம்பி, காத்திருக்காதீங்க. "விரைவில்"னு போடுறது தேதி கிடையாது. தேதியும் சொல்லி விலையும் சொன்னாதான் அது லாஞ்ச், அதுவரைக்கும் அது வெறும் விளம்பரம், அதை நம்பி கீறுற ஸ்கிரீனோட நாலு மாசம் ஓட்டியிருக்கீங்களே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. முதல்ல அந்த ஸ்கிரீனை மாத்துங்க, இல்லைன்னா இப்போதைக்கு ஒரு நடுத்தர விலை போன் வாங்கிக்குங்க.

ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, காத்திருக்கிறப்ப நமக்குத் தெரியாமலே ஒரு செலவு ஓடிக்கிட்டு இருக்கு. போனோட வயசு அது உலகத்துல எங்க முதல்ல விற்பனைக்கு வந்துச்சோ அன்னைக்கே ஆரம்பிச்சுடுது, நம்ம கைக்கு வந்த அன்னைக்கு இல்ல. கூகுள் இப்ப தன்னோட பிக்சல் போனுக்கு 7 வருஷம் சாஃப்ட்வேர் அப்டேட்னு சொல்லுதுல்ல, அந்த 7 வருஷத்தையும் அமெரிக்காவுல அவங்க ஸ்டோர்ல அந்த மாடல் முதல்ல வந்த நாள்ல இருந்துதான் எண்ணுவாங்க. ஆக இங்க லேட்டா வர்ற ஒவ்வொரு மாசமும் நம்ம பங்குல இருந்து கழியுது, விலை மட்டும் புது போன் விலைதான்.

இது இன்னைக்கு நேத்து நடக்குற கதை இல்ல. முதல் ஐபோன் 2007 ஜூன் 29-ம் தேதி அமெரிக்காவுல வந்துச்சு, இந்தியாவுக்கு அது முறைப்படி வரவே இல்ல, வேணும்னவங்க யார் மூலமாவது வரவழைச்சு லாக் உடைச்சு ஓட்டினாங்க. அடுத்தது ஐபோன் 3ஜி, 2008 ஜூலை 11 வெளிநாடுகள்ல, இங்க ஆகஸ்ட் 22, வித்தது ஏர்டெல்லும் வோடஃபோனும். ஆறு வாரம்தான் லேட், பரவாயில்லைன்னு நினைச்சா விலை 8 ஜிபி 31,000 ரூபா, 16 ஜிபி 36,100. அமெரிக்காவுல 199 டாலர்னு படிச்சுட்டு, அப்ப டாலர் 43 ரூபா கிட்ட இருந்துச்சு, எட்டாயிரம் ஒம்பதாயிரத்துல முடிஞ்சிடும்னு மனக்கணக்கு போட்டு வச்சிருந்தவங்களுக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

அந்த 199 டாலருக்குப் பின்னாடி ரெண்டு வருஷ ஒப்பந்தம் இருந்துச்சு, போனை மலிவா குடுத்துட்டு மாசாமாசம் பில்லுல அந்த ஊர் நெட்வொர்க் கம்பெனி ஏடி அண்ட் டி அதை வசூல் பண்ணிடும். நம்ம ஊர்ல பெரும்பாலும் ப்ரீபெய்டு, இன்னைக்கு ஒரு சிம் நாளைக்கு ஒரு சிம், எந்த கம்பெனி நம்மளை நம்பி போன் விலையில பாதியைத் தன் கையில இருந்து போடும்? அதனால முழு விலை. முழு விலை குடுத்து வாங்கின போனும் அந்த நெட்வொர்க்குக்கே பூட்டித்தான் வந்துச்சு, வேற சிம் போட முடியாது. மானியம் குடுத்தவன் பூட்டினா சரி, முழுக் காசையும் நம்மகிட்ட வாங்கிட்டு எதுக்குப் பூட்டணும்? அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் நியாயமா படலை.

அதைவிட வருத்தம் அந்தப் பேர்லயே இருக்கு. போனுக்குப் பேர் 3ஜி, 2008 ஆகஸ்ட்ல இந்தியாவுல 3ஜி சேவையே கிடையாது. அரசு கம்பெனியான எம்.டி.என்.எல். டெல்லியில அந்த டிசம்பர்லதான் ஆரம்பிச்சது, பி.எஸ்.என்.எல். 2009-ல, தனியார் கம்பெனிகளுக்கு அலைக்கற்றை ஏலம் விட்டதே 2010-ல. அந்த போனை வித்த ஏர்டெல்லோட 3ஜி வந்தது 2011 ஜனவரி. வந்து ரெண்டு மாசத்துல, மார்ச்ல, ஆப்பிள் விட்ட ஐஓஎஸ் 4.3 சாஃப்ட்வேர் அப்டேட் அந்த மாடலுக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. அதாவது 31,000 குடுத்து வாங்கினவர் அந்த போன் எதுக்காகப் பேர் வாங்குச்சோ அந்த வசதியைத் தன்னோட நெட்வொர்க்ல பார்த்ததும் போன் ஓய்வு பெற்றதும் ஒரே சமயத்துல.

அப்புறம் 3ஜிஎஸ், வெளிநாட்டுல 2009 ஜூன், இங்க 2010 மார்ச். அப்புறம் ஐபோன் 4, அங்க 2010 ஜூன் 24, இங்க 2011 மே 27, முழுசா பதினோரு மாசம், ஏர்டெல்லோட சேர்ந்து நம்ம தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச ஏர்செல்லும் வித்துச்சு, 16 ஜிபி 34,500 ரூபா. பதினோரு மாசம் பொறுத்து அதை வாங்கினாங்க, அக்டோபர்ல அமெரிக்காவுல 4எஸ் வந்துடுச்சு, நவம்பர் 25 இங்கயும் வந்துடுச்சு. ஆறே மாசத்துல கையில இருக்கிறது பழைய மாடல். கடைசிப் பந்தியில உக்கார வச்சுட்டு முதல் பந்திக்காரங்களைவிட அதிகமா மொய் கேட்ட மாதிரிதான் இது.

ஐபோன் விஷயத்துல இந்த இடைவெளி பின்னாடி குறைஞ்சுடுச்சு, அது எப்படின்னு கீழ ஒரு தங்கச்சியோட கேள்வியில சொல்றேன். ஆனா மத்த கம்பெனிகள்ல இன்னும் இருக்கு. கூகுளோட பிக்சல் 4, 2019-ல வந்தது, அதுல சோலின்னு குட்டியா ஒரு ரேடார், போன் மேல கையை அசைச்சாலே பாட்டு மாறும், அதுக்கு 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேணும், இங்க அதுக்கு அனுமதி கிடைக்கலை, போனையே இந்தியாவுக்கு நிறுத்திட்டாங்க. பிக்சல் 6-ம் வரலை. அவங்க முதல் மடக்கு போன் 2023-ல வந்துச்சு, அதுவும் வரலை, அடுத்த வருஷம் 9 ப்ரோ ஃபோல்டுதான் வந்துச்சு, விலை 1,72,999. முதல் மடக்கு போனுக்காக உக்காந்திருந்தவங்க வருஷம் பூரா உக்காந்திருந்து கடைசியில வேற ஒரு போனைத்தான் பார்த்தாங்க. நீங்க அந்த வரிசையில நிக்க வேணாம்.

கேள்வி: ஐபோன் 15 ப்ரோ வந்தப்ப அமெரிக்காவுல 999 டாலர், இங்க 1,34,900 ரூபா. நான் கடையில கணக்கு எழுதுறவன், எப்படிக் கூட்டினாலும் இந்தக் கணக்கு உதைக்குது. மிச்சக் காசு எங்க போகுது? (ஈரோடு வாசகர்)

கணக்கு எழுதுறவரே கேட்டுட்டீங்க, சேர்ந்தே போட்டுடலாம். 2023 செப்டம்பர்ல டாலர் 83 ரூபா, 999 டாலர்னா கிட்டத்தட்ட 83,000. அமெரிக்காக்காரங்க போடுற விலையில அவங்க ஊர் விற்பனை வரி சேராது, அது பில்லு போடுறப்ப மாநிலத்துக்கு மாநிலம் தனியா ஏறும், நம்ம விலையில ஜி.எஸ்.டி. உள்ளயே இருக்கு, அதனால ரெண்டு விலையையும் அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கக் கூடாது.

அந்த மாடல் அப்ப இங்க செய்யலை, இறக்குமதிதான். முழுசா செஞ்சு வர்ற போனுக்கு அப்ப சுங்கவரி 20 சதவீதம், அந்த வரி மேல 10 சதவீதம் சமூகநல கூடுதல் வரி, ஆக மொத்தம் 22. 83,000-க்கு 22 சதவீதம் ஏத்தினா 1,01,260. அது மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டா 1,19,500 கிட்ட வருது. இதுல கவனிங்க, நான் அமெரிக்கச் சில்லறை விலை மேலயே சுங்கவரி போட்டுட்டேன், உண்மையில வரி போடுறது இறக்குமதி மதிப்புக்கு, அது சில்லறை விலையைவிடக் குறைவாத்தான் இருக்கும். அப்படித் தாராளமா போட்டும் 1,34,900-க்கு இன்னும் 15,000 ரூபாய்க்கு மேல இடிக்குது. அது டீலர், டிஸ்ட்ரிபியூட்டர் கமிஷன், நாளைக்கு ரூபா மதிப்பு விழுந்தா அடிபடாம இருக்கிறதுக்கு வச்சுக்கிற இடைவெளி, அப்புறம் இவ்வளவு போட்டாலும் வாங்குறதுக்கு ஆள் இருக்குங்கிற தைரியம். எதுல எவ்வளவுன்னு கம்பெனி நமக்குப் பிரிச்சுக் காட்டாது.

இப்ப அதே நாள் வந்த சாதா ஐபோன் 15-ஐப் பாருங்க. அங்க 799 டாலர், நம்ம காசுல 66,300. இது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பாகங்களைச் சேர்த்துச் செஞ்ச போன், முழு போனுக்கான சுங்கவரி கிடையாது, வெறும் ஜி.எஸ்.டி. மட்டும் போட்டா 78,200 சொச்சம். இங்க வச்ச விலை 79,900. எவ்வளவு பக்கத்துல வந்துடுச்சு பாத்தீங்களா? 2024 ஜூலை பட்ஜெட்ல சுங்கவரியை 20-ல இருந்து 15 ஆக்கினாங்க, அந்த செப்டம்பர்ல வந்த 16 ப்ரோ 1,19,900-க்கு ஆரம்பிச்சுது. அதனால அடுத்த தடவை விலை பார்த்து வயிறு எரியறப்ப முதல்ல பெட்டியைத் திருப்பி எங்க சேர்த்ததுன்னு பாருங்க, பாதிப் பதில் அங்கயே இருக்கும்.

கேள்வி: நியூஜெர்சியில இருக்கிற அத்தை பையன் பொங்கலுக்கு வர்றான். அவன்கிட்ட சொல்லி வாங்கிட்டு வரச் சொல்லலாமா? (தஞ்சாவூர் வாசகி)

சொல்லலாம், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம் அவர்கிட்ட பேசிடுங்க. அமெரிக்காவுல விக்கிற ஐபோன் 14-ல இருந்து, அதாவது 2022-ல இருந்து, சிம் போடுற தட்டே கிடையாது, எல்லாம் இ-சிம், அதாவது போனுக்குள்ளயே பதிஞ்ச சிம். நம்ம கம்பெனிகள் இ-சிம் குடுக்குறாங்க, அது பிரச்சினை இல்ல, ஆனா போன் சர்வீஸுக்குப் போச்சுன்னா சிம்மைக் கழட்டி பழைய போன்ல போட்டு ரெண்டு நாள் ஓட்டுற வேலை நடக்காது, அம்மா அப்பாவுக்கு வாங்குறதா இருந்தா இதை ரொம்ப யோசிங்க. அடுத்தது, அங்க நெட்வொர்க் கம்பெனி கடையில தவணையில மலிவா கிடைக்கிற போன் பெரும்பாலும் லாக் ஆயிருக்கும், தவணை முடியாம திறக்க மாட்டாங்க, அன்லாக் போன்னு கேட்டு முழுக் காசு குடுத்துதான் வாங்கணும். விற்பனை வரி தனி. வாரண்டி இங்க செல்லுமாங்கிறதை அந்தக் கம்பெனியோட இந்திய சர்வீஸ் சென்டருக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்க, அத்தை பையன் சொல்றதையோ கடைக்காரர் சொல்றதையோ நம்பாதீங்க. இவ்வளவையும் கழிச்சுட்டு எவ்வளவு மிச்சம்னு பாருங்க, ப்ரோ மாடல்னா ஓரளவு மிச்சம் இருக்கும், இங்கயே சேர்க்கிற மாடல்னா அவரைச் சிரமப்படுத்தவே வேணாம்.

கேள்வி: விளம்பரத்துல சொல்ற எல்லா வசதியும் இங்க வேலை செய்யும்னு நம்பி வாங்கலாமா? (நாகர்கோவில் ஆசிரியர்)

நம்பாதீங்க டீச்சர். மேல 3ஜி கதை சொன்னேன்ல, அதே கதை ரெண்டு தடவை திரும்ப நடந்துச்சு. ஏர்டெல் 2012 ஏப்ரல்ல கொல்கத்தாவுல 4ஜி ஆரம்பிச்சாங்க, 2300 மெகாஹெர்ட்ஸ்ல. அந்த நவம்பர்ல இங்க வந்த ஐபோன் 5, 45,500 ரூபா, 4ஜி போன்னுதான் பேர், ஆனா அந்த அலைவரிசையே அதுல இல்ல. அப்புறம் ஐபோன் 12, 5ஜி போன்னு 2020 அக்டோபர்ல வந்துச்சு, நாட்டுல 5ஜி வந்தது 2022 அக்டோபர் 1, வந்த பிறகும் ஐபோன்ல வேலை செய்யலை, ஆப்பிள் சாஃப்ட்வேர்ல திறந்துவிட்டது டிசம்பர்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல பெட்டியில மட்டும் 5ஜி. அதே மாதிரி சிக்னலே இல்லாத இடத்துல சேட்டிலைட் மூலமா உதவி கேக்குற வசதி, ஐபோன் 14-க்குப் பெரிய விளம்பரமே அதுதான், 2022 நவம்பர்ல ஆரம்பிச்சப்ப அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான்.

கம்பெனியோட இந்திய வெப்சைட்டுக்குப் போங்க, அமெரிக்க சைட் இல்ல, அதுல ஒவ்வொரு வசதிக்கும் அடியில பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, எந்த நாட்டுல உண்டு எந்த நாட்டுல இல்லைன்னு. அந்தப் பொடி எழுத்தைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. யூடியூப்ல வெளிநாட்டுக்காரர் ரிவ்யூ பண்றதைப் பார்த்து ஆசைப்படுறதுல தப்பில்ல, அவர் அவர் ஊர் நெட்வொர்க்குக்குத்தான் பேசுறார், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, எனக்கு செய்யாறு பக்கம். ஸ்ரீபெரும்புதூர்ல போன் கம்பெனியில லைன்ல நிக்கிறேன், ஹாஸ்டல்ல இருக்கேன். நாங்க ஒரு ஷிஃப்ட்ல எவ்வளவு போனை அனுப்புறோம் தெரியுமா, ஆனா எங்க லைன்ல யார் கையிலயும் அந்த போன் இல்ல. இங்கயே செஞ்சும் ஏன் விலை குறையலை? (பெயர் வேண்டாம்)

தங்கச்சி, இந்த இதழ்ல வந்த கேள்வியிலயே இதைத்தான் ரொம்ப நேரம் கையில வச்சிருந்தேன்.

நீங்க சேர்க்கிற போனோட சிப், டிஸ்ப்ளே, கேமரா, மெமரி எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து வருது, இங்க நடக்குறது சேர்க்கிறதும் சோதிக்கிறதும், போன் விலையில அதுக்கு ஆகுற செலவு ரொம்பச் சின்னப் பங்கு. அதனால இங்க செஞ்சா சுங்கவரி மிச்சமாகும், அது மேல ஈரோட்டுக்காரருக்குப் போட்ட கணக்குல தெரியுது, ஆனா அடிப்படை விலை குறையாது. விலையை நிர்ணயிக்கிறது செலவு மட்டும் கிடையாது, வாங்குறவங்க எவ்வளவு வரைக்கும் குடுப்பாங்கங்கிறதும்தான். மத்திய அரசு 2020-ல கொண்டு வந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டமும் கம்பெனி எவ்வளவு கூடுதலா செஞ்சு விக்குதுங்கிறதைப் பார்த்துக் குடுக்குறது, உள்ளூர்ல விலை குறைக்கணும்னு அதுல இல்ல. நீங்க செய்றதுல பெரும்பகுதி கப்பல், விமானம் ஏறிப் போயிடுது.

ஆனா ஒண்ணு நிச்சயம் சொல்லணும். முன்னாடி சொன்னேன்ல, 2011-ல பதினோரு மாசம் காத்திருந்தோம்னு. 2023 செப்டம்பர் 22, ஐபோன் 15 விற்பனைக்கு வந்த முதல் நாளே இந்தியாவுல சேர்த்த போன் கடையில இருந்துச்சு, நியூயார்க்ல வாங்கினவரும் தி.நகர்ல வாங்கினவரும் ஒரே நாள் வாங்கினாங்க. சந்தை பெருசானது, கம்பெனி கணக்கு மாறினது எல்லாம் இருக்கு, ஆனா அந்த நாள் வர்றதுக்கு லைன்ல நின்ன உங்களை மாதிரி பிள்ளைங்களோட உழைப்பு வேணும், அதை யாரும் லாஞ்ச் மேடையில சொல்றதில்ல. நான் இங்க சொல்லி வைக்கிறேன்.

2021 டிசம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம நூத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், கூட வேலை பார்த்தவங்க சென்னை பெங்களூரு ஹைவேயில உக்காந்தாங்களே, அதுக்கப்புறம்தான் ஊரே உங்க பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்குற ஹாஸ்டல் திறந்தாங்க. இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கு. அதே ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2006-ல வந்து 2014 நவம்பர்ல மூடினதும் உங்க அக்காமாருக்கு நினைவிருக்கும், அன்னைக்கு வீட்டுக்குப் போன பல பேருக்குக் கையில வேற வேலை தெரியலை. அதனால கம்பெனியில பயிற்சி, டிப்ளமோ மாதிரி எது குடுத்தாலும் விடாம எழுதிப் போட்டுடுங்க. போன் விஷயத்துக்கு வந்தா, ஊழியர் சலுகை விலை ஏதாவது இருக்கான்னு ஹெச்.ஆர்.ல கேளுங்க, இல்லைன்னா கவலைப்படாதீங்க, ஒரு வருஷம் பழைய மாடலே உங்களுக்குத் தாராளம், அது எப்படின்னு அடுத்த பதில்ல இருக்கு.

கேள்வி: என் பையன் சென்னையில வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம், சம்பளம் 22,000. புது போன் லாஞ்ச் ஆனதும் 80,000 ரூபாய்க்கு "நோ காஸ்ட் இ.எம்.ஐ."ல வாங்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். திட்டினா போனை வச்சிடறான். நீங்க சொன்னா கேப்பான், உங்க பகுதியை அவன்தான் எனக்குப் படிச்சுக் காட்டுவான். (விருதுநகர் தந்தை ஒருவர்)

அண்ணாச்சி, முதல்ல பையனைத் திட்டாதீங்க. அவன் சம்பாதிக்கிறான், ஆசைப்படுறான், அதுல தப்பே இல்ல. இப்ப அவன்கிட்ட பேசுறேன்.

தம்பி, 80,000-ஐ 24 மாசமா பிரிச்சா மாசம் 3,333. வாடகை, மெஸ், பஸ், வீட்டுக்கு அனுப்புறது போக உன் கையில நிக்கிறதுல பெரும்பகுதி ரெண்டு வருஷத்துக்கு அதுக்கே போயிடும், நடுவுல வேலை மாறினாலோ வீட்டுல ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ அந்த 3,333 காத்திருக்காது. நோ காஸ்ட்னு பேர்தான், வட்டி இல்லாம எந்த பேங்கும் குடுக்காது, பூஜ்ய வட்டித் திட்டம்னு எதுவும் கிடையாது, வட்டியை வேற எங்கயோ ஒளிச்சு வைக்கிறாங்கன்னு ரிசர்வ் பேங்கே 2013-ல பேங்குகளைக் கண்டிச்சுது. இப்ப என்ன பண்றாங்கன்னா வட்டியை முன்கூட்டியே தள்ளுபடியா கழிச்சுக் காட்டுறாங்க, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ப்ராசஸிங் ஃபீஸ் ரெண்டும் உன் தலையில, ரொக்கத்துக்குக் கிடைச்சிருக்க வேண்டிய டிஸ்கவுண்டும் போச்சு. வாங்குறதுக்கு முன்னாடி மொத்தமா எவ்வளவு கட்டப்போறேன்னு ஒரே தொகையா கேளு, அதைச் சொல்லத் தயங்குற கடையில வாங்காத.

நான் உன்னை ஆசையை விடச் சொல்லலை, காத்திருக்கச் சொல்றேன், ஆனா லாஞ்சுக்கு முன்னாடி இல்ல, லாஞ்சுக்கு அப்புறம். ஐபோன் 13 ஞாபகம் இருக்கா, 2021 செப்டம்பர்ல 79,900. அடுத்த செப்டம்பர்ல 14 வந்ததும் கம்பெனியே 69,900 ஆக்குச்சு, அதுக்கடுத்த செப்டம்பர் 59,900. இது கம்பெனி போட்ட விலை, ஆயுதபூஜை, தீபாவளி ஆஃபர்ல இதுக்கும் கீழ போகும். சேலத்துத் தம்பிக்குச் சொன்னேன்ல, வராத போனுக்குக் காத்திருந்தா போனோட ஆயுசு உன் கணக்குல கழியும்னு, வந்த போனுக்குக் காத்திருந்தா பத்தாயிரம் இருபதாயிரம் உன் பக்கம் சேரும், ரிவ்யூ வந்துடும், சூடாகுதா பேட்டரி நிக்குதான்னு வாங்கினவங்க சொல்லிடுவாங்க, கவர், ஸ்கிரீன் கார்டு, ஸ்பேர் எல்லாம் விருதுநகர் பஜார்லயே கிடைக்கும். இன்னைல இருந்து அந்த 3,333-ஐ மாசாமாசம் ஒரு ஆர்.டி.யில போடு. ஒரு வருஷத்துல 40,000 ஆச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள அதே போனை ரொக்கத்துக்கே வாங்கிடலாம், அப்பா கையால பில்லு போட்டு வாங்கு, அவருக்கும் சந்தோஷமா இருக்கும்.

கேள்வி: ஒரு போன் இந்தியாவுக்கு நிஜமா வருதா, வதந்தியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? (மன்னார்குடி வாசகர்)

இங்க விக்கணும்னா பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்போட பதிவு கட்டாயம். அந்தப் பட்டியல்ல மாடல் நம்பர் தெரிஞ்சா கம்பெனிக்கு எண்ணம் இருக்குன்னு அர்த்தம், தேதி உறுதின்னு அர்த்தம் இல்ல. அமேசான், ஃப்ளிப்கார்ட்ல அந்த போனுக்குன்னு தனிப் பக்கம் திறந்தா சில வாரத்துல வந்துடும். "லீக்"னு வர்ற மீதியை ஓரமா வைங்க.

கேள்வி: பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட்ல இங்க வராத மாடல்கூட கிடைக்குதாமே? (திருவள்ளூர் வாசகர்)

கிடைக்கும். அந்தக் கடைக்காரங்க பல பேர் நேர்மையானவங்க, கைத்தொழிலும் தெரிஞ்சவங்க, அவங்களை மொத்தமா தப்பு சொல்ல மாட்டேன். ஆனா பில்லு கேளுங்க. வாங்குறதுக்கு முன்னாடி போன்ல ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு ஐஎம்இஐங்கிற போனோட அடையாள நம்பரை எடுத்து, அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல போட்டுப் பாருங்க, திருட்டுன்னு ப்ளாக் ஆன போனா இருந்தா அதுலயே காட்டிடும். இந்தியாவுக்கு வராத மாடல்ல டிஸ்ப்ளே போச்சுன்னா ஸ்பேர் கிடைக்காது, மடக்கு போன்னா அதை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

கேள்வி: எங்க ஊர்க் கடையில 5,000 ரூபா கட்டி ப்ரீ-புக்கிங் பண்ணேன். போன் வர்ற தேதி ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. இப்ப காசைத் திருப்பிக் கேட்டா "கம்பெனிக்கு அனுப்பிட்டோம், போன் வந்ததும் கழிச்சுக்கலாம்"ங்கிறாங்க. (கும்பகோணம் வாசகி)

கம்பெனிக்கு அனுப்பினாங்களா இல்லையாங்கிறது உங்க கவலை இல்லம்மா. காசு வாங்கினது கடை, சொன்ன தேதிக்குப் பொருளைக் குடுக்கலை, திருப்பித் தர வேண்டியதும் கடைதான். ரசீது, தேதி சொன்ன மெசேஜ், நீங்க திருப்பிக் கேட்ட மெசேஜ் மூணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. கடைக்கு எழுத்துல ஒரு கெடு குடுங்க, ஒரு வாரம் போதும். அதுக்குள்ள வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் புகார் பதிவு பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம், புகார் எண் குடுப்பாங்க, அந்த எண்ணைக் கடைக்கு அனுப்புங்க, பெரும்பாலும் அதுலயே காசு வந்துடும். அப்பவும் வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடலாம், இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல, ரசீது மட்டும் தொலையாம பார்த்துக்குங்க.